பதினோராம் கேள்வி

காலை ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் அன்றைய பொழுதில் பாதி எனக்குக் கனவிலேயே போய்விடும். எங்கள் தங்கவயலின் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறும்போது சரியாக விடிந்திருக்காது. தங்கம் எடுத்தபின் மிஞ்சும் சாம்பல் நிற மண்ணைச் சுரங்கக் கம்பெனி மேடு மேடாகக் கொட்டி வைத்திருந்தது. சயனைடு மேடு என்போம். பனிக்காலத்தில் அதன் அடிவாரம் தெரியாது. உச்சி மட்டும் எதன்மேலும் நிற்காமல் தனியாக நிற்கும். அதில் வெளிச்சம் மெல்ல ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கண்ணயர்ந்துவிடுவேன். பங்காருப்பேட்டையில் வண்டி மாறும்போது யாராவது ஒரு அம்மாள் தோளைத் தட்டி, "எழுந்திரு கண்ணு, ஊரு வந்துடுச்சு" என்பாள். எந்த ஊர் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

அறுபதுகளின் பின்பாதி அது. சுரங்கத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டு சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் எங்கள் வாயில் அது கம்பெனிதான். நான் பெங்களூரில் எம்.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வருஷத்தில் எனக்குப் பிடித்த பாடம் ஒன்று இருந்தது. மனிதர்கள் புதிதாக ஒரு தொழிலை எப்படித் தொடங்குகிறார்கள், புதிதாக ஒன்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், அதற்கு அரசாங்கம் என்ன செய்யவேண்டும், என்ன செய்யாமல் இருக்கவேண்டும் என்பதுதான் பாடம். அதை வீட்டில் ஒருநாள் விளக்கினேன். மாமா, அதாவது என் அக்காவின் கணவர், கவனமாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு இன்னாத்துக்கு ரயிலேறிப் போற? ஆரம்பிக்கிறவன் ஆரம்பிக்கிறான். நடுவுல சர்க்கார் வராம இருந்தா போதும்" என்றார். மூன்று மாதம் கழித்து எங்கள் பேராசிரியர் இதையே ஒரு மணி நேரம் சொன்னார்.

அம்மாவும் நைனாவும் போனபிறகு அக்கா வீடுதான் என் வீடு. வீடு என்றால் கம்பெனி லைனில், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகளில், ஓர் அறை, அதற்கு முன்னால் மூங்கில் தட்டி வைத்து மறைத்த ஒரு தாழ்வாரம். அந்தத் தாழ்வாரத்தில் அக்கா அடுப்பு செய்தாள்.

மரத்தூள் அடுப்பைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு தகர டப்பா, அதன் அடியில் பக்கவாட்டில் ஓர் ஓட்டை. ஓட்டை வழியாக ஒரு கட்டையைப் படுக்கவைத்து, நடுவில் இன்னொரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைப் போட்டு இடித்து இறுக்கவேண்டும். பிறகு கட்டைகளை உருவிவிட்டால் நடுவில் ஒரு சுரங்கம் கிடைக்கும். அதற்குள் தீ வைத்தால் அரை நாள் நின்று எரியும். இது எல்லோருக்கும் தெரிந்த அடுப்பு. இதில் இரண்டு குறை உண்டு. தீயைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. தூள் தீர்ந்தால் அடுப்பு ஆறும்வரை மறுபடி நிரப்பவும் முடியாது.

மாமா சுரங்கத்துக்குக் கீழே காற்றுக்கதவு பார்க்கும் வேலையில் இருந்தவர். எந்தக் கதவை எவ்வளவு திறந்தால் காற்று எந்தப் பக்கம் போகும் என்பதுதான் அவருடைய பேச்சு முழுக்க. சாப்பிடும்போதும் அதையே பேசுவார். அக்கா கேட்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டாள். ஒருநாள் பார்த்தால் அடுப்பின் கீழ் ஓட்டைக்கு ஒரு தகரக் கதவு வந்திருந்தது. இழுத்தால் தீ எழும், தள்ளினால் அடங்கும். அடுத்த மாதம் இன்னொன்று செய்தாள். டப்பாவுக்குள் கைப்பிடி வைத்த இன்னொரு டப்பா. ஒன்று எரிந்துகொண்டிருக்கும்போதே மற்றொன்றில் தூளை இடித்து வைத்துக்கொள்ளலாம். எரிந்ததைத் தூக்கி எடுத்து, புதியதை இறக்கலாம். அந்த உள் டப்பாவுக்கு அவள் கேஜ் என்று பேர் வைத்தாள். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டின் பெயர் அது. "ஒண்ணு ஏறுது, ஒண்ணு எறங்குது. வேற இன்னான்னு சொல்றது?" என்றாள்.

அந்த அடுப்பு எங்கள் லைனிலும் பக்கத்து லைன்களிலும் வீடு வீடாகப் போயிற்று. எனக்குப் பேனா வாங்கியதும் ரயில் பாஸ் வாங்கியதும் அந்தக் காசில்தான். மாலை நேரத்தில் நான் படித்துக்கொண்டிருப்பேன். அவள் கம்பெனியின் டிம்பர் யார்டிலிருந்து வந்த தூளைச் சல்லடையில் சலிப்பாள். மேற்கு வெயில் தட்டியின் சந்துகள் வழியே வந்து அந்தத் தூளில் விழும். தாழ்வாரம் முழுக்க மஞ்சளாக ஏதோ மிதந்துகொண்டே இருக்கும். பாடப் புத்தகத்தில் இருக்கிறேனா, அதற்குள் இருக்கிறேனா என்று எனக்கே தெரியாமல் போகும். தலைமுடியில் மரவாசனையோடுதான் கல்லூரிக்குப் போனேன். அதற்காக அப்போது வெட்கப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேராசிரியர் நல்ல மனிதர். கரும்பலகையில் எழுதும்போது பாதி வாக்கியத்தில் நின்று ஜன்னலைப் பார்ப்பார். ஒருநாள் அப்படி நின்று சொன்னார்: புதுமை என்றால் வானத்திலிருந்து விழுவது கிடையாது, இருக்கிற பழைய பொருட்களை யாரோ ஒருவர் இதுவரை இல்லாத விதமாகச் சேர்த்து வைக்கிறார், அவ்வளவுதான். நான் அதை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன். வெளியே மரத்தில் ஊதாப் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. காற்றுக்கதவையும் கேஜையும் ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்தவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தவள்தான் நான். அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. படிப்பு ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம், நடுவில் ரயில் என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

அந்த வருஷம் மாமாவுக்கு இருமல் அதிகமாகிவிட்டது. கல்தூசு நெஞ்சில் இறங்கியவர்களுக்கு வரும் இருமல். டாக்டர்கள் கூடிப் பார்த்து 'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டால் வேலை போகும். வேலை போனால் சில மாதத்தில் லைன் வீட்டைக் காலி செய்யவேண்டும். வீடு போனால் தாழ்வாரம் போகும். தாழ்வாரம் போனால் அடுப்பு எங்கே செய்வது? அக்காவுக்கு மற்றதெல்லாம் பிறகுதான். "ஒரு கூரை வோணும்டி. தூள் நனையாத ஒரு கூரை" என்று வேலை செய்யும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

அதனால்தான் பேராசிரியர் அந்தச் செய்தியைச் சொன்னபோது எனக்கு வகுப்பிலேயே உடம்பு சிலிர்த்தது. சிறுதொழில் செய்கிறவர்களுக்காக அரசாங்கம் ஏதோ ஓர் ஊரில் ஷெட்டுகள் கட்டப்போகிறது. எந்த ஊரில் என்று ஒரு குழு முடிவு செய்யும். யோசனையில் இருக்கும் ஊர்களில் தங்கவயலும் ஒன்று. அங்கே சொந்தத் தொழில் முயற்சி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவந்தால் அதுவே என் ஆய்வேடாகவும் ஆகும், குழுவுக்கும் உதவும் என்றார். நான் அன்று ரயிலில் தூங்கவில்லை.

அக்காவிடம் சொன்னேன். அவள் தகரம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"ஷெட்டுன்னா எவ்ளோ பெருசு?"

"தெரியாதுக்கா. நம்ம வீடு மாதிரி ரெண்டு இருக்கலாம்."

"மேல ஓடா, தகரமா?"

"தகரமாத்தான் இருக்கும்."

"தகரம்னா மழைக்குச் சத்தம் போடும். போட்டா போட்டும்" என்று சொல்லிவிட்டு வெட்ட ஆரம்பித்தாள். அன்றிலிருந்து ஒரு மாதம் அந்த ஷெட்டுக்குள்தான் இருந்தாள். தூளை எந்த மூலையில் கொட்டுவது, தகரத்தை எங்கே சாய்ப்பது, ஜன்னல் கிழக்கே இருந்தால் காலையில் விளக்கு தேவையில்லை, இப்படியே பேசுவாள். கட்டாத ஷெட்டில் இரண்டு தடவை இடம் மாற்றி வைத்தாள். மாமா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவார்.

இனி என் கெட்டிக்காரத்தனத்துக்கு வருகிறேன். ஆய்வுக்கான கேள்விகளைப் பேராசிரியர் ஆங்கிலத்தில் கொடுத்தார். தமிழில் மாற்றியது நான். ராத்திரி பகலாக உட்கார்ந்து, அச்சில் வரும் தமிழாகப் பார்த்துப் பார்த்து மாற்றினேன். பதினோராம் கேள்விதான் உயிர்க்கேள்வி. 'உங்கள் வீட்டில் சொந்தமாக ஏதாவது செய்கிறீர்களா?' என்று எழுதினேன். எளிமையாக இருக்கிறது, யாருக்கும் புரியும் என்று எனக்கு அதில் பெருமை வேறு. ஸ்டென்சில் வெட்டி, மை மணக்கும் படிவங்களோடு லைன் லைனாக இறங்கினேன்.

எல்லோரும் என்னை உட்காரவைத்தார்கள். பத்து கேள்விக்கும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார்கள். பதினொன்றுக்கு வந்ததும் முகம் கொஞ்சம் மாறும். "அதெல்லாம் இல்லம்மா" என்பார்கள். சிலர் எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பார்கள். அந்த அடுப்பு எங்கள் அக்கா செய்தது. ஒரு வீட்டில் சிவப்பும் மஞ்சளுமாகப் பின்னிய கூடை ஒன்றை அந்த வீட்டுக்காரம்மாள் காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சுரங்கத்தில் வெடி வைக்கப் பயன்படும் மெல்லிய ஒயர், வேலை முடிந்ததும் துண்டு துண்டாகக் கிடப்பது, அதில் பின்னிய கூடை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன் என்றால் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பதில் சொல்கிறவர் சொன்னதை எழுது, உனக்குத் தெரிந்ததை எழுதாதே, அதுதான் ஆய்வு நேர்மை. நான் அந்த நேர்மையில் மயங்கிக் கிடந்தேன். எங்கள் வீட்டையும் விடவில்லை. அக்காவை முக்காலியில் உட்காரவைத்து, முன்பின் தெரியாதவளிடம் கேட்பதுபோல் 'நீங்கள்' போட்டுக் கேட்டேன். அவளும் கையைத் துடைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு அண்ணி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"உங்கள் வீட்டில் சொந்தமாக ஏதாவது செய்கிறீர்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அண்ணியைப் பார்த்தாள். "இல்லேன்னு எழுது" என்றாள்.

அவள் காலடியில் அரைகுறையாக முடிந்த அடுப்பு ஒன்று இருந்தது. அந்த நேரத்தில் தரை ஒரு தரம் அதிர்ந்து பாத்திரங்கள் கிலுகிலுத்தன. கீழே எங்கோ பாறை வெடித்தால் எங்கள் ஊரில் அப்படித்தான். லைன் முழுக்கப் பெண்கள் கையிலிருந்ததை அப்படியே நிறுத்திவிட்டு விபத்துச் சங்கு ஊதுகிறதா என்று காது கொடுப்பார்கள். அக்காவும் காது கொடுத்தாள். மாமா உள்ளேதான் படுத்திருக்கிறார் என்று நினைவு வந்ததும் சல்லடையைக் கையில் எடுத்தாள். நான் படிவத்தில் 'இல்லை' என்று எழுதி, வரிசை எண் போட்டேன்.

எல்லாப் படிவத்திலும் ஒரே பதில். பேராசிரியர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். இவ்வளவு சுத்தமான முடிவை அவர் பார்த்ததில்லையாம். சம்பளத்துக்கே பழகிவிட்ட சுரங்க ஊரில் சொந்த முயற்சி என்பது முளைப்பதே இல்லை என்று இரண்டு பக்கக் குறிப்பு எழுதினார். கருத்தரங்கில் வாசித்தார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது மடல் சூடாயிற்று. சந்தோஷத்தில்தான். திரும்பும் ரயிலில் ஜன்னலில் தலை சாய்த்து, பட்டமளிப்பு அங்கியில் நான் எப்படி இருப்பேன் என்று கனவு கண்டேன். சயனைடு மேடுகள் வந்தன, போயின. என்னைப்போல் ஒரு மக்கு அந்தத் தடத்தில் அதற்கு முன் பயணம் செய்திருக்க மாட்டாள்.

விளங்கியது ஒரு மத்தியான வேளையில். கட்டிலில் கால் நீட்டி ஆய்வேட்டின் கையெழுத்துப் பிரதியைத் திருத்திக்கொண்டிருந்தேன். அக்கா தூள் எடுக்கப் போயிருந்தாள். லைனில் பேச்சுச் சத்தம் அடங்கியது. கம்பெனி வாச்மேன்கள் இரண்டு பேர் வருகிறார்கள் என்று அர்த்தம். தங்கக் கல்லை மறைத்துக் கொண்டுவந்து வீட்டில் உருக்குகிறவர்களைத் தேடி அவ்வப்போது வருவார்கள். பிறந்ததிலிருந்து பார்ப்பதுதான். நான் தலை நிமிரவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் தடி தட்டும் சத்தம் கேட்டது.

"வீட்டுல சொந்தமா ஏதாச்சும் செய்றீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க" என்றாள் அண்ணி.

அதே குரல். என்னிடம் சொன்ன அதே குரல், அதே இழுப்பு. நான் பேனாவை மூடினேன். 'சொந்தமா செய்றது' என்றால் எங்கள் லைனில் ஒரே அர்த்தம்தான்: திருட்டுத்தனமாகத் தங்கம் உருக்குவது. 'அவன் சொந்தமா செய்றான்' என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால் கேட்டவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான். ரயிலில் போய் அச்சுத் தமிழ் படித்துக்கொண்டு வந்து, வீடு வீடாக ஏறி, போலீஸ் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அக்கா அடுப்பு செய்யும் கார்பைடு டப்பா கம்பெனி கழித்துப் போட்டது, ஒயர்த் துண்டு கம்பெனி கழித்துப் போட்டது, மரத்தூள் கம்பெனி யார்டில் வந்தது. யார்தான் 'ஆமாம்' என்பார்கள்?

அக்கா கோணிப்பையோடு வந்து சேர்ந்தாள். இறக்கி வைக்கக்கூட நான் விடவில்லை.

"அக்கா, நான் அன்னிக்குக் கேட்டனே, அதுவும் இப்படித்தான் இருந்துச்சா? வாச்மேன் கேக்குற மாதிரி?"

"இப்படியேதான்."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"நீ படிச்சவ. தெரிஞ்சுதான் கேக்குறேன்னு நெனச்சேன்." பையை அவிழ்த்துத் தூளைக் கொட்டினாள். "காகிதத்துல கேட்டா இல்லேன்னு சொல்றது எங்க பழக்கம். ஷெட்டு நீ வேற வழியா கேட்டு வாங்குவேன்னு இருந்தேன். ஏன், அந்தக் காகிதத்த வெச்சுத்தான் குடுப்பாங்களா?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவள் காலிப் பையை உதறி மடித்தாள். "நான் பயந்து சொன்னேன். உனுக்கு இன்னா பயம்? கண்ணு எதிர்ல அடுப்ப வெச்சுக்கினு நீ இன்னாத்துக்குடி எழுதின?" என்றாள்.

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் முதல் வண்டிக்கே போய்ப் பேராசிரியர் அறை வாசலில் நின்றேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் குறுக்கே பேசவில்லை. குறிப்பு குழுவுக்குப் போய்விட்டது என்றார். உயிர்க்கேள்வி தவறென்றால் ஆய்வேடு முழுவதும் தவறு. திரும்பச் செய்தால் இந்த வருஷம் பட்டம் கிடைக்காது, இப்படியே கொடுத்தால் கிடைக்கும், யோசித்துச் சொல் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு தட்டச்சு இயந்திரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொண்டு, முன்பு அனுப்பிய குறிப்பில் தவறு நேர்ந்துவிட்டது என்று குழுவுக்குக் கடிதம் அடித்தார். தன் தவறு என்றுதான் அடித்தார். என் பேரை அதில் கொண்டுவரவில்லை. நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன்.

மறுபடி லைன் லைனாக இறங்கினேன். இந்த முறை படிவம் பைக்குள். எந்த வீட்டிலும் கேள்வி கேட்கவில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "இந்த அடுப்பு நல்லா எரியுதே, எங்க வாங்கினீங்க?" என்பேன். அவ்வளவுதான், பேச்சு திறந்துகொள்ளும். கட்டிலுக்கு அடியில் போன கூடை வெளியே வந்தது. ஒயரை நிறம் பிரித்து அந்த வீட்டுக்காரம்மாள் கணக்காகப் போடும் கட்டத்தை என் மடியில் வைத்துக் காட்டினாள். ஒருவர் சுரங்க விளக்கின் பர்னர் அடைப்பை எடுக்கச் சைக்கிள் பம்பில் ஒரு கருவி செய்திருந்தார். ஒரு வீட்டில் ஊறுகாய் ஜாடிகள் கூரைவரை நின்றன. கதவுக்குக் கதவு யாரோ ஏதோ ஒன்றைச் சேர்த்து வைத்துக்கொண்டேதான் இருந்தார்கள். என் ஊர் எனக்குப் புதிதாகத் தெரிந்தது. அந்த ஆறு வாரத்தை நினைத்தால் இப்போதும் விழித்துக்கொண்டே கனவு கண்ட மாதிரி இருக்கிறது. அவ்வளவு சந்தோஷமும் அவ்வளவு குற்றவுணர்வும் ஒன்றாக எனக்கு அதற்குப் பிறகு வந்ததில்லை.

எல்லோரும் ஒரே நிபந்தனை வைத்தார்கள். பேர் வேண்டாம். நான் சத்தியம் செய்து கொடுத்தேன். கடைசிப் படிவம் எங்கள் வீட்டுடையது. அக்கா தகரத்தை மடித்துத் தட்டிக்கொண்டே, "அடுப்புன்னு எழுதிக்கோ. கதவையும் கேஜையும் எழுது. பேரு வோணாம்" என்றாள்.

திருத்தக் கடிதம் போய்ச் சேர்வதற்குள் குழு முடிவு செய்துவிட்டது. ஷெட்டுகள் வேறோர் ஊருக்குப் போயின. அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்களிடம் யாரோ சரியாகக் கேட்டிருக்கிறார்கள். மாமாவுக்கு 'அன்ஃபிட்' வந்தது. லைன் வீட்டைக் காலி செய்து ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரே ஓர் அறைக்குப் போனோம். தாழ்வாரம் இல்லை. அக்கா சந்தில் உட்கார்ந்து அடுப்பு செய்தாள். மழை வந்தால் தூள்மூட்டையைத்தான் முதலில் உள்ளே இழுப்பாள், பிறகுதான் தான் வருவாள். அந்த மூட்டை இருந்தால் மாமாவுக்குக் கால் நீட்ட இடம் இருக்காது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். "கீழ இதவிட சின்ன எடத்துல எல்லாம் தூங்கியிருக்கேன்" என்பார். நான் எதிரே உட்கார்ந்து ஆய்வேடு எழுதினேன்.

ஒரு வருஷம் தாமதமாகப் பட்டம் கிடைத்தது. கனமான அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்துப் பதித்த பிரதி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். அன்று மழை. சந்தில் நுழையும்போது அக்கா மூட்டையை உள்ளே இழுத்துவிட்டு நிலைப்படியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் கையில் இருப்பதைப் பார்த்தாள்.

"அதுவா?"

"அதுதான்."

"நம்ம வீட்டப் பத்தி இன்னா எழுதியிருக்கிற? படி."

நான் பக்கத்தைப் புரட்டி, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். ஒரு வீட்டில் ஒரு பெண் மரத்தூள் அடுப்பு செய்கிறாள். தீயைக் கூட்டிக் குறைக்க ஒரு கதவும், எரியும்போதே மாற்றிக்கொள்ள உள் டப்பாவும் அவள் தானே யோசித்துச் சேர்த்தவை. கேஜ் என்று அழைக்கிறாள். சுற்றியுள்ள லைன்களில் பெரும்பாலான வீடுகளில் எரிவது இவளுடைய அடுப்பே.

"இன்னொரு தரம் படி" என்றாள். படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஓட்டுக்கூரையிலிருந்து நீர் அவள் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது, நகரவில்லை.

"அதுல என் பேரு இருக்குதா?"

"இல்லக்கா. நீதானே வோணாம்னு சொன்ன?"

"ஆமா, சொன்னேன்." நனைந்த தலைப்பைப் பிழிந்தாள். எதிர்ச் சந்தில் யார் வீட்டிலோ எங்கள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கீழ்க்கதவின் சந்தில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீடு போறதுக்கு முந்தி பயந்து சொன்னது அது. பேரப் போட்டிருக்கலாம்" என்றாள்.